ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



ஆயர் தாவார் என்றால் மலாய் மொழியில் உப்பில்லாத நீர், நன்னீர் என்று பொருள். கடலுக்கு அருகிலுள்ள மஞ்சோங் மாவட்டத்தில் ஓர் ஊருக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது. தண்ணீர் உப்புக் கரித்தால் நாக்கு சொல்லிவிடும்; கலங்கினால் கண் சொல்லிவிடும். ஆனால், காரீயமோ பாதரசமோ காட்மியமோ சிறிதளவு கலந்திருந்தால் நாக்கும் சொல்லாது, கண்ணும் சொல்லாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. அந்தக் கன உலோகங்களைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்க நானோ கார்பன் உதவுமா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேராக் லம்பங்களில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். கார் பேட்டரிக்குள் இருப்பது காரீயம். பேச்சு வழக்கில் இரண்டையும் ஈயம் என்கிறோம். ஆனால், நஞ்சு என்று அஞ்ச வேண்டியது காரீயத்துக்குத்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. உடலில் காரீயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதரசம் என்ன செய்யும் என்பதை, 1956இல் ஜப்பானின் மினமாத்தாவில் கண்டறியப்பட்ட நரம்பு நோயின் மூலம் உலகம் தெரிந்துகொண்டது. ஆலைக் கழிவு கடலுக்குப் போனது, கடலிலிருந்து மீனுக்குப் போனது, மீனிலிருந்து மனிதருக்கு வந்தது.

புக்கிட் மேரா சொன்ன பாடம்

இது ஜப்பான் நாட்டுக் கதை என்று பேராக் மக்கள் ஒதுங்கிவிட முடியாது. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்திலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரிக்க, ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. மிஞ்சிய கழிவில் தோரியம் என்ற கதிரியக்கக் கன உலோகம் இருந்தது. 1985இல் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும், அடுத்த மாதமே ஆலையை மூடப்போவதாக அதன் ஜப்பானியப் பங்குதாரர் அறிவித்தார். துப்புரவுப் பணிக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் ஆனதாக 2011இல் செய்தி வெளிவந்தது.

அத்தனை பணம் செலவழித்தும் தோரியம் அழிந்ததா? இல்லை. கிளேடாங் மலையில் புதைக்கப்பட்டது. உலோகத்தின் குணமே அதுதான். எரித்தாலும் ஒழியாது, நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. இடம் மட்டுமே மாறும். நேயர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இன்று பேட்டரிப் பட்டறை, முலாம் பூசும் தொழிற்கூடம், மின்னணுத் தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவுநீரில் கன உலோகம் வரலாம். ரப்பர் கையுறை ஆலைகளின் கழிவுநீரில் துத்தநாகம் வருகிறது. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் காரீயத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கின்றன. மற்ற இடங்களில் 0.5 மில்லிகிராம் வரை விடலாம். பாதரசத்துக்கு இந்த அளவுகள் 0.005, 0.05.

வழக்கமான வைத்தியம் சுண்ணாம்பு. கழிவுநீரில் சுண்ணாம்பைக் கலந்தால் பெரும்பாலான உலோகங்கள் கசடாகிக் கீழே படியும். செலவும் குறைவு. ஆனால், கடைசியாக மிஞ்சும் சிறு அளவைப் பிடிப்பது கடினம். அந்த இடத்தில்தான் கார்பன் வருகிறது.

கரியின் பேரன்

வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரி, தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யப்படுவது. அதன் பலம் உள்ளே இருக்கும் நுண்துளைகள். நானோ கார்பன் அந்தக் கரியின் பேரன் என்று சொல்லலாம். ஒரு மீட்டரை 100 கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். 1991இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய்களை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனை 2004இல் பிரித்துக் காட்டிய ஆந்திரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவருக்கும் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கிராம் கிராஃபீனைப் பிரித்து விரித்தால், கணக்குப்படி 2,630 சதுர மீட்டர் வரும். அது 32 பூப்பந்துக் களங்களின் பரப்பு!

பரப்பு மட்டும் போதாது. தண்ணீரில் கரைந்த காரீயமும் காட்மியமும் நேர்மின்னூட்டம் கொண்டவை. வெறும் கார்பன் அவற்றைச் சரியாகப் பிடிக்காது. எனவே, அமிலத்தால் பதப்படுத்தி, கார்பனின் மேல் ஆக்சிஜன் கொண்ட ‘கொக்கிகளை’ உண்டாக்குகிறார்கள். அந்தக் கொக்கிகள் எதிர்மின்னூட்டம் பெற்று உலோகத்தை இழுத்துக்கொள்கின்றன. பாதரசத்துக்குக் கந்தகக் கொக்கி நன்றாகப் பொருந்தும். தண்ணீர் புளிப்பானால் காரீயம் பிடி நழுவும். குரோமேட் வடிவத்தில் உள்ள குரோமியமோ புளிப்பு நீரில்தான் நன்றாக ஒட்டும். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கிராஃபீன் வகைத் தாளில் மாங்கனீசு டை ஆக்சைடு, வெள்ளி ஆகியவற்றின் நுண்துகள்களைப் பதித்துப் பாதரசத்தைப் பிடித்தார்கள். அதை ஆற்று மணலில் ஒட்ட, இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானைப் பயன்படுத்தினார்கள். மணலில் ஒட்டுவது எதற்காக? நானோ தூளைத் தண்ணீரில் அப்படியே கொட்டினால் திரும்பப் பிடிப்பது அரிது. நீண்ட, நேரான நானோ குழாய்கள் எலியின் உடலில் கல்நார் போன்ற பாதிப்பை உண்டாக்கியதாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. நஞ்சை எடுக்கப் போய் இன்னொரு நஞ்சைக் கலந்துவிடக் கூடாது அல்லவா?

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் நாளைக்கே பேராக் ஆறுகள் தெளிந்துவிடுமா? ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் தூய நீரில் ஓர் உலோகத்தைக் கலந்து சோதிப்பார்கள். ஆலைக் கழிவுநீரில் கால்சியமும் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து வந்து அந்தக் கொக்கிகளை முதலில் பிடித்துக்கொள்ளும். விலையும் ஒரு தடை. பிரதீப் குழுவினரின் கண்டுபிடிப்புகளிலேயே இந்தியக் கிராமங்களில் ஆர்செனிக்கை அகற்றப் பயன்பாட்டுக்கு வந்தது, இரும்பு சார்ந்த நானோ பொருள்தான். மலேசியா 2014இல் அறிவித்த தேசிய கிராஃபீன் செயல்திட்டத்தில் ஐந்து துறைகள் முன்னுரிமை பெற்றன. ரப்பர் அதில் இடம்பெற்றது, கழிவுநீர் இடம்பெறவில்லை.

நம் ஊரைச் சுற்றிச் செம்பனை இருக்கிறது. அதன் கொட்டை ஓட்டிலிருந்தும் நல்ல வடிகட்டும் கரி செய்யலாம். எந்தக் கரியானாலும், ‘நானோ’ என்ற பெயரைக் கேட்டு மயங்காமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எங்கள் கழிவுநீரில் சோதித்தீர்களா? எத்தனை முறை கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்? பிடித்த உலோகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நஞ்சு ஆற்றிலிருந்து குப்பைமேட்டுக்குக் குடிபெயரும், அவ்வளவுதான். அமிலத்தில் கழுவினால் உலோகம் கரியை விட்டு அமிலத்துக்கு வரும். அதை மீட்டு விற்க வேண்டும்; இல்லையேல், உரிமம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டிலிருந்தும் தொடங்கலாம். பழைய கார் பேட்டரியை உடைத்து அமிலத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். கால்வாயில் போன காரீயத்தைத் தேடிப் பிடிக்க எந்த நானோ பொருளாலும் எளிதில் ஆகாது. வராமல் தடுப்பதே மலிவு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆலை ஆற்றில் விடுவதை அளக்கச் சட்டம் இருக்கிறது. அளந்தார்களா என்று கேட்கும் உரிமை அந்த ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு இருக்கிறது.