முகிலைக் கற்ற ஓவியர்



இயற்கைக் காட்சியைத் தீட்டும் ஓவியருக்கு மலையும் மரமும் ஓரளவு பணிந்து நிற்கும். இன்று பாதி வரைந்து, எஞ்சியதை நாளை வந்து வரைந்தாலும், அவை இருந்த இடத்திலேயே இருக்கும். புயல் திரண்டு வரும் வானம் அத்தகையதன்று. தூரிகையை வண்ணத்தில் தோய்த்து நிமிர்வதற்குள், தீட்ட நினைத்த முகில் வேறு கோலம் கொண்டுவிடும். கணந்தோறும் மாறும் அப்பொருளை, மெல்ல உலரும் தைல வண்ணத்தில் நிறுத்திக் காட்டுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு வாழ்நாள் முழுதும் விடை தேடிய ஓர் ஆங்கில ஓவியரைப்பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜான் கான்ஸ்டபிள். பெயரைக் கேட்டதும் காவல் நிலையம் சிலருக்கு நினைவு வரலாம். அஃது அவருடைய குடும்பப் பெயரேயன்றிப் பதவிப் பெயர் அன்று. 1776-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கிழக்கே சஃபக் பகுதியில் உள்ள ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். மாவு அரைக்கும் நீராலையும் காற்றாலையும் உடையவர். கான்ஸ்டபிளும் இளமையில் ஏறத்தாழ ஓராண்டு அத்தொழிலில் இருந்தார். காற்றாலைக்காரருக்கு வானம் வேடிக்கைப் பொருள் அன்று. சுழன்றடிக்க வரும் காற்றை முன்னறிந்து இறக்கைகளின் பாயைச் சுருக்காவிட்டால், இறக்கை முறியும். ஆலையே சிதையவும் கூடும். முகிலைப் பார்த்துக் காற்றை அறியும் பழக்கம் கான்ஸ்டபிளுக்கு ஓவியப் பள்ளியில் வந்ததன்று. மாவுத்தூசி படிந்த அந்த ஆலையில் வந்தது.

பின்னாளில் அவர் ஓவியரானபோது, வானத்தை அடக்கமாகத் தீட்டும்படி பலர் அறிவுரை கூறினர். பொருள்களுக்குப் பின்னே விரித்த வெள்ளைத் துணிபோல் வானம் இருந்தால் போதும் என்பது அவர்கள் கருத்து. இதை அவர் ஏற்கவில்லை. 1821-ஆம் ஆண்டு அக்டோபரில், தம் நண்பரும் சமய குருவுமான ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையில் ஒளிக்கு ஊற்று வானமே என்றும், காட்சியின் உணர்ச்சியை ஆள்வதும் அதுவே என்றும் வாதிட்டார். எண்ணிப் பாருங்கள். வயலில் விழும் நிழலும், குளத்தில் மின்னும் ஒளியும், இலையின் பசுமையும் வானம் தந்தவையல்லவா? வானத்தைப் பிழைபடத் தீட்டியவர் நிலத்தையும் பிழைபடத் தீட்டியவரே ஆவார்.

வாதிட்டதோடு அவர் நிற்கவில்லை. இலண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட் என்னும் மேட்டுநிலத்தில் 1819 முதல் அவர் குடும்பம் அவ்வப்போது தங்கி வந்தது. அங்கே 1821, 1822 ஆகிய ஈராண்டுகளில் ஏறத்தாழ நூறு வான ஓவியங்களை அவர் தீட்டினார். பலவற்றில் மரமும் இல்லை, நிலமும் இல்லை. முகில் மட்டுமே உண்டு. வண்ணப் பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடியின் உட்புறம் தாளைப் பொருத்தி, ஒரே அமர்வில் தீட்டி முடிப்பார். வண்ணக் குழாய்கள் வந்தது 1841-இல். அவரோ 1837-இல் மறைந்தார். ஆகவே, பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டிய வண்ணத்தையே அக்கால ஓவியர்களைப்போல் அவரும் கையாண்டார்.

அத்தாள்களின் பின்புறந்தான் நமக்குப் பாடம். ஒன்றில் 1822 ஆகஸ்டு 27 என்ற நாளும், முற்பகல் 11 மணி என்ற நேரமும், கிழக்கு நோக்கிய பார்வை என்பதும், தென்மேற்கிலிருந்து மென்காற்று என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. ஜான் தோர்ன்ஸ் என்னும் வானிலை அறிஞர் இவற்றை அக்கால இலண்டன் வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1999-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஓவியத்தை வானிலைப் பதிவோடு ஒத்துப் பார்க்க முடிகிறதென்றால், தீட்டியவரின் நேர்மையை என்னென்பது!

அக்காலம் முகிலுக்குப் பெயர் சூட்டிய காலமும் ஆகும். லூக் ஹோவர்டு என்னும் இலண்டன் மருந்து வணிகர், 1802-இல் ஆற்றிய ஓர் உரையில் முகில்களை வகைப்படுத்தினார். கீற்றாய்ப் படர்வது சிரஸ். குவியலாய்த் திரள்வது கியூமுலஸ். படலமாய் விரிவது ஸ்ட்ராட்டஸ். மழை பொழிவது நிம்பஸ். இவ்வகைப்பாட்டை விளக்கும் தாமஸ் ஃபார்ஸ்டரின் நூல் கான்ஸ்டபிளிடம் இருந்தது. அதன் ஓரங்களில் தம் கருத்துகளை அவர் எழுதி வைத்திருந்தார்.

இந்த அறிவு தூரிகைக்கு எவ்வாறு உதவும்? ஈரக்காற்று மேலெழுந்து குளிரும்போது, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் ஆவி நீர்த்துளியாகிறது. ஆதலால் திரள் முகில்களின் அடிப்புறம் தட்டையாய், ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைகிறது. தலைக்கு மேலுள்ள முகில் பெரிதாகவும், அடிவானத்தை அணுக அணுகச் சிறுத்து நெருங்கியும் தோன்றும். இதை அறிந்து தீட்டினால் வானம் விதானம்போல் நம்மேல் கவியும். அறியாது தீட்டினால் சுவர்போல் நிற்கும். புயல் முகில் பருத்து உயர்ந்தது. ஒளி அதனூடே கீழிறங்க இயலாமையால் அடி இருளும், வெயில் படும் முடி வெண்மையாய்ச் சுடரும். புயல் வானின் அச்சம் கருமையில் மட்டும் இல்லை. கருமைக்கு அருகே நிற்கும் அந்த வெண்மையிலும் உண்டு.

கருவண்ணத்தை அப்படியே அப்பினால் அது வானத்தில் விழுந்த பொத்தலாகவே தோன்றும். நீலத்தோடு காவியும் செம்மையும் சேர்த்துக் குழைத்த சாம்பல் நிறத்தில்தான் மழையின் கனம் தெரியும். கான்ஸ்டபிள் தம் குறிப்போவியங்கள் பலவற்றில், செம்பழுப்புப் பூச்சின்மீது தீட்டி, இடையிடையே அதனைத் தெரியவிட்டார். அதனால் சாம்பல் நிறத்துக்குள்ளும் ஒரு வெம்மை உண்டாயிற்று. தைலம் மெல்ல உலர்வதும் நன்மையே. ஈரத்தின்மேல் ஈரமாய்த் தீட்டும்போது முகிலின் விளிம்பு பஞ்சுபோல் கரையும். தடித்த வெள்ளையை இறுதியில் வைத்தால் ஒளி முன்னே வந்து நிற்கும்.

ஃபியூசிலி என்ற மூத்த ஓவியர், கான்ஸ்டபிளின் படங்களைப் பார்க்கப் போகும்முன் தம் குடையைக் கொண்டுவரச் சொன்னாராம்! கேலியாகச் சொன்னதே பெரும் பாராட்டாகவும் அமைந்துவிட்டது.

இத்தனை பயிற்சியும் எதற்கு? அவர் மனைவி மரியாவைக் காசநோய் பற்றியது. கடற்காற்று நலம் தருமென்று 1824 முதல் பிரைட்டன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தீட்டிய சிறு ஓவியம் ஒன்றில், கடல்மேல் மழை இறங்குவதை மேலிருந்து கீழாக இழுத்த கரிய தூரிகை வீச்சுகளால் காட்டியிருக்கிறார். 1828 நவம்பரில் மரியா காலமானார். ஏழு குழந்தைகள் தாயை இழந்தனர். மறு ஆண்டு அவர் காட்சிக்கு வைத்த படம் 'ஹாட்லி கோட்டை'. 1814-இல் பென்சிலால் குறித்துவைத்திருந்த பாழடைந்த கோபுரமே அதன் பொருள். அதற்குமேல் கலைந்து கொந்தளிக்கும் வானம். முகிலைப் பிளந்து கடல் முகத்தில் விழும் ஒளிக்கற்றை. கீழே நாயுடன் தனித்து நிற்கும் ஓர் இடையர். இப்படம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது.

துயரம் வந்த பிறகு அதைச் சொல்லும் மொழியைத் தேடி அவர் அலையவில்லை. எந்தத் துயரையும் எண்ணாது ஹாம்ஸ்டெட் மேட்டில் நாளும் மணியும் குறித்துக் கற்ற மொழி அன்று கைகொடுத்தது. உணர்ச்சி இருந்தால் போதும், பயிற்சி வேண்டா என்று எண்ணும் இளைஞர்கள் இதனைக் கருத வேண்டும்.

நம் பள்ளிகளில் வரைதல் வகுப்பென்றால், தாளின் மேற்பகுதியை நீலத்தால் நிரப்பிவிட்டு, 'வானம் முடிந்தது, ஐயா' என்று பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். ஆசிரியர் அவர்களை வண்ணமின்றி ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லட்டும். காற்று எத்திசையிலிருந்து வருகிறது, முகிலின் அடி எங்கே, ஒளி எப்பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதச் செய்யட்டும். மணியையும் குறிக்கச் சொல்லட்டும். தூரிகையை மறுநாள் கொடுத்தால் போதும்.