புள்ளி எழுதிய மலைக்கிராமம்

(கட்சி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தென்மேற்குச் சீனத்தில் குயிசோ என்றொரு மாகாணம் உண்டு. அங்கே மூன்று நாள் தொடர்ந்து வெயில் இராது, மூன்று லி தொலைவுக்குச் சமநிலம் இராது, எவரிடமும் மூன்று காசு இராது என்று சீனர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தனர். லி என்பது அரைக் கிலோமீட்டர். அம்மலைகளில் உள்ள மியாவோ மக்களின் கிராமத்தைக் காணச் செல்பவர் பெரும்பாலும் வெள்ளி அணிகளையும் மர வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்த ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் கிடைக்கும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று கேட்பவர் குறைவு.

மியாவோ என்பது மற்றவர் வைத்த பெயர். மாகாணத்தின் தென்கிழக்கில் வாழ்வோர் தம்மை ஹ்மு என்றே அழைத்துக்கொள்கின்றனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சீனத்தில் மியாவோ மக்கள் 1 கோடியே 10 லட்சம் பேர். சிங் பேரரசின் படையெடுப்புக்கும் வரிக்கொடுமைக்கும் நிலப்பறிப்புக்கும் எதிராக அவர்கள் 1735, 1795, 1855 ஆகிய ஆண்டுகளில் பெரும் எழுச்சிகளை நடத்தினர். கடைசி எழுச்சிக்குத் தலைமை தாங்கிய சாங் சியுமெய் 1872இல் கொல்லப்பட்டார். அவருடைய தோழரான யாங் தாலியுவின் ஊர் லாங்தே. அவர் வாழ்ந்த வீடு இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1934 டிசம்பரில் நெடும்பயணத்தின்போது செஞ்சேனை கடந்து சென்றதும் இந்த வட்டாரத்தைத்தான். சேனை செல்லும் திசையை மாற்றிய லிப்பிங் கூட்டம் நடந்த நகரம், 1956இல் அமைக்கப்பட்ட மியாவோ, துங் மக்களின் தன்னாட்சி வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. வட்டார அரசின் தலைவர் தன்னாட்சி பெற்ற தேசிய இனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

வட்டாரத் தலைநகர் கய்லிக்கு 2015 முதல் அதிவேக ரயில் செல்கிறது. அங்கிருந்து ஆற்றை ஒட்டிய மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் லாங்தே வந்துவிடும். ஊர் நுழைவுப் பாதையில் பன்னிரண்டு இடங்களில் பெண்கள் வழிமறித்து அரிசி மது ஊட்டுவர். கடைசியில் எருமைக் கொம்பில் வரும் மதுவைக் கையால் தொட்டவர் முழுவதையும் குடித்தாக வேண்டும். விவரம் அறிந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வர். சரிவில் தூண்களின்மேல் நிற்கும் மர வீடுகளில் கீழே கால்நடையும் கருவிகளும், நடுவே மனிதர், மேலே தானியம். பெண்கள் அவுரியில் பலமுறை தோய்த்து, மரச்சுத்தியால் அடித்துப் பளபளப்பாக்கிய துணியில் பூவேலை செய்கின்றனர். ஒரு முழு உடைக்கு ஆண்டுகள்கூட ஆகும்.

1980களின் நடுப்பகுதியில் இங்கே பார்வையாளர் வரத் தொடங்கினர். மக்கள் கம்யூன்கள் கலைக்கப்பட்டு, நிலம் குடும்பங்களின் பொறுப்புக்குப் போய்விட்ட காலம் அது. ஆனால் லாங்தே மக்கள், வயலில் கைவிட்ட வேலைப்புள்ளி முறையை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தனர். ஆடியவருக்கு, லுஷெங் என்னும் மூங்கில் குழல் ஊதியவருக்கு, மது ஊட்டியவருக்குத் தனித்தனிப் புள்ளி. முழு வெள்ளி அணியுடன் வந்தவருக்குக் கூடுதல். ஆட முடியாத மூதாட்டியும் பள்ளிச் சிறுவனும் உடை அணிந்து வந்து நின்றாலே அவர்களுக்கும் உண்டு. வருவாயில் ஒரு பகுதி ஊர்ப் பொதுச் செலவுக்கு. மற்றது புள்ளிக் கணக்குப்படி வீடுகளுக்கு. ஊரின் பாதையும் சதுக்கமும் எல்லோரும் சேர்ந்து கட்டியவை; ஆகவே பங்கும் எல்லோருக்கும் என்பதே அவர்கள் சொன்ன நியாயம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பகிரும்போது ஒருவர் கைக்கு வருவது சிறு தொகை. நன்றாக ஆடுபவருக்கும் ஒப்புக்கு நிற்பவருக்கும் வேறுபாடு குறைவு என்று இளைஞர் முணுமுணுத்தனர். பலர் கடலோர நகரங்களின் தொழிற்சாலைகளுக்குப் போயினர்.

இதே லெய்ஷான் மாவட்டத்தில் சிஜியாங் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெருங்கிராமம். 2008இல் மாகாணச் சுற்றுலா மாநாடு அங்கே நடந்தது, சாலை வந்தது, அடுத்த ஆண்டே நுழைவுச்சீட்டும் வந்தது. நிர்வாகம் மாவட்ட அரசின் நிறுவனத்திடம். சீட்டு வருவாயில் ஒரு பங்கு, பழைய மர வீட்டை எவ்வளவு நன்றாகப் பேணுகின்றனர் என்று பார்த்துக் குடும்பங்களுக்கு வழங்கப்படுகிறது. நுழைவுச்சீட்டுப் பணம் முழுவதும் வெளியார் கைக்குப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் முதன்மைத் தெருவில் கடை நடத்துவோரில் வெளியூரார் நிறையப் பேர். தெருவை ஒட்டிய வீட்டாருக்கு வாடகை. மேட்டில் இருப்பவருக்கு அது இல்லை. லாங்தேவுக்கு வந்துகொண்டிருந்த பேருந்துகளும் சிஜியாங் பக்கம் திரும்பின.

சிஜியாங்கை வெற்றி என்றும் லாங்தேவைத் தோல்வி என்றும் எழுதிச் செல்வோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. சீனத்தில் எஞ்சியிருந்த கடைசி 9 வறிய மாவட்டங்களும் குயிசோவில் இருந்தன. அவை வறுமையிலிருந்து மீண்டதாக அறிவிக்கப்பட்டது 2020 நவம்பரில்தான். இத்தகைய மண்ணில் சாலையும் வருவாயும் சிறிய செய்தி அல்ல. அதே வேளையில், கால் வலியால் ஆட முடியாத மூதாட்டிக்கு உரிய பங்கைச் சலுகையாக அன்றிக் கணக்காகவே எழுதிவைத்த ஊர் லாங்தே. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அவ்வூர் உழவர்களே.

அறுவடை முடிந்தபின் மியாவோ புத்தாண்டு வருகிறது. தொழிற்சாலைகளுக்குப் போனவர்களில் விடுப்புக் கிடைத்தவர்கள் ஊர் திரும்புகின்றனர். பெட்டியிலிருந்து வெள்ளிக் கொம்பு அணி வெளியே வருகிறது. லுஷெங் ஒலிக்க, பெரியவரும் சிறியவரும் வட்டமாக நின்று ஆடுகின்றனர். அந்த ஆட்டம் பார்வையாளருக்காக ஆடப்படுவதன்று.