பழைய நிலைக்கு மீளுதல்



காவிரிக் கரையிலிருந்தோ தாமிரபரணிக் கரையிலிருந்தோ ஐதராபாத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் மனக்குறை மொழியைப் பற்றியது அன்று; தண்ணீரைப் பற்றியது. ஆழ்துளைக் கிணற்று நீரில் துவரம் பருப்பு எளிதில் மசிவதில்லை. சவர்க்காரம் நுரைப்பதில்லை. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் ஒன்று கல்லைப் போல் இறுகிவிடுகிறது. நிலத்தடியில் பாறைகளின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீர் கால்சியம், மக்னீசியம் ஆகிய உலோகங்களின் உப்புக்களைக் கரைத்துக் கொண்டு மேலே வருவதே இதற்குக் காரணம். இதனைக் கடின நீர் என்கிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் இதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உயரமான உருளை ஒன்று. அதன் பக்கத்தில் உப்புத் தொட்டி ஒன்று. காவலாளி அவ்வப்போது மூட்டை மூட்டையாக உப்பைக் கொண்டுவந்து அதில் கொட்டுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "தண்ணீரில் உப்பு இருக்கிறது என்றுதானே குறைப்படுகிறீர்கள்? அதற்கு மேலும் உப்பைக் கொட்டுவானேன்?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி அது. இன்றைய பேச்சின் பொருளே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

உருளைக்குள் இருப்பவை கடுகளவான செயற்கைப் பிசின் மணிகள். 1935ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இரு வேதியியலறிஞர்கள் இவ்வகைப் பிசின்களை முதன்முதலில் ஆக்கினார்கள். ஒவ்வொரு மணியும் சோடியத்தைத் தன்னிடம் ஏந்திக்கொண்டு நிற்கிறது. கடின நீர் அதன் வழியே செல்லும்போது, மணி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடுகிறது. நீர் மென்மையாகிறது. சில நாட்களில் எல்லா மணிகளும் கால்சியத்தால் நிறைந்து செயலற்றுப் போகின்றன. அப்போதுதான் உப்புக்கு வேலை. பிசினுக்குச் சோடியத்தைவிடக் கால்சியத்தின் மீதே பற்று அதிகம். ஆயினும் செறிவான உப்புக் கரைசல் திரண்டு வந்து மோதும்போது, எண்ணிக்கையின் பலத்தால் சோடியம் கால்சியத்தை வெளியே தள்ளித் தன் பழைய இடத்தில் அமர்கிறது. மணி புதியது போலாகிறது. பாட்டியின் கேள்விக்கு விடை இதுதான்: உப்பு, நீரைத் திருத்துவதற்கு அன்று, நீரைத் திருத்திக் களைத்துப்போன மணியைத் திருத்துவதற்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணி பழைய நிலைக்கு மீண்டது. ஆனால் உலகம் மீளவில்லை. வெளியேறிய கால்சியமும் மிஞ்சிய உப்பும் சாக்கடைக்குச் சென்றுவிட்டன. ஓரிடத்தில் ஒழுங்கை மீட்டால் வேறோரிடத்தில் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. மேலும், ஒவ்வொரு சுற்றிலும் மணி சிறிது தேய்கிறது. நீரில் இரும்பு மிகுந்திருந்தால் அது மணியின் மேல் படிந்து அதன் ஆற்றலைக் குறைத்துவிடும்.

இனி, உயிருள்ள பொருளுக்கு வருவோம். நமது உடலுறுப்புக்களில் கல்லீரலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்து நீக்கினாலும், சுமார் ஒரு வாரத்திலேயே அது ஏறக்குறைய முன்னிருந்த எடைக்கு வளர்ந்துவிடுகிறது என்பதை ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்பவர்கள் 1931ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்கள். மனிதர்களிடத்திலும், சற்று மெதுவாக, இது நிகழ்கிறது. தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் குழந்தைக்கு ஈந்து, இருவரும் நலமாக வாழ முடிவது இதனால்தான்.

ஆனால் அறுக்கப்பட்ட மடல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களே பெருத்து, முழு உறுப்பின் பணியையும் ஏற்றுக்கொள்கின்றன. திரும்புவது உருவம் அன்று; தொழில். அந்த மீட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. மது போன்ற நஞ்சு இடைவிடாது தாக்கிக்கொண்டே இருந்தால், உயிரணுக்கள் இருந்த இடத்தைத் தழும்பு பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் சட்டகமே சிதைந்து கல்லீரல் இறுகிவிடுகிறது. காயத்தை ஆற்றும் வலிமை உடலுக்கு உண்டு. ஓயாத காயத்தை ஆற்றும் வலிமை அதற்கு இல்லை.

இந்த இரண்டு பாடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு உசேன் சாகர் கரைக்குச் செல்வோம். இப்ராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில், 1562ஆம் ஆண்டையொட்டி உருவான ஏரி இது. ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்தது. பிற்காலத்தில் நகரமும் தொழிற்சாலைகளும் பெருகின. கூகட்பள்ளி நாளா முதலான கால்வாய்கள் வீட்டுச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் ஏரியில் கொண்டுவந்து சேர்த்தன. மாலை நேரத்தில் காற்று வாங்கச் சென்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிய காலமும் வந்தது.

ஏரிக்கும் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. கழிவு அளவு கடந்தால் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அப்போது அடிச்சேற்றில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வருகிறது. அதனை உண்டு பாசி பெருகுகிறது. பாசி மடிந்து அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் செலவாகிறது. நோயே நோயை வளர்க்கும் நிலை இது.

மீள முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரி சான்று. அங்கே 1963 முதல் 1968 வரை படிப்படியாகச் சாக்கடை நீர் அனைத்தையும் ஏரிக்குள் வராமல் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. ஆனால் அந்த ஏரியின் ஆழம் 60 மீட்டருக்கும் மேல். அதற்கு நோய் கண்ட காலமும் குறுகியது. உசேன் சாகரோ மிகவும் ஆழம் குறைந்தது. அதன் அடியில் பல பத்தாண்டுகளின் சேறு படிந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு முதல் ஜப்பானியக் கடனுதவியுடன் பெருந்திட்டம் ஒன்று இங்கே மேற்கொள்ளப்பட்டது. கழிவைத் திருப்புதல், சுத்திகரித்தல், சேறு அகற்றுதல் ஆகிய பணிகள் அதில் அடங்கும். எனினும் ஏரியை முன்போல் குடிநீர் தருவதாக ஆக்க அவை போதவில்லை. பழைய சேற்றை அள்ளும்போதே புதிய கழிவும் வந்துகொண்டிருந்தால் மருந்தும் நஞ்சும் ஒரே வேளையில் உண்ட கதைதான்.

மனம் தளர வேண்டியதில்லை. சிகந்திராபாத்தின் பன்சிலால்பேட்டையில் பழைய படிக்கிணறு ஒன்று உண்டு. பல ஆண்டுகள் குப்பை கொட்டிக் கொட்டி அது இருந்த இடமே தெரியாமற் போயிற்று. அண்மையில் தொண்டர்களும் நகராட்சியினரும் கைகோத்து, குப்பையை லாரி லாரியாக அகற்றினார்கள். கீழே கற்படிகளும் தூண்களும் பெரும்பாலும் குலையாமல் இருந்தன. ஊற்றும் சுரந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தக் கிணறு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏரியில் கைகூடாதது கிணற்றில் கைகூடியது ஏன்? தீங்கு நின்றது, சட்டகம் சிதையாமல் இருந்தது, உழைப்பாகிய விலையைக் கொடுக்க ஆட்கள் முன்வந்தார்கள். பிசின் மணிக்கும் கல்லீரலுக்கும் கிணற்றுக்கும் பொதுவான மூன்று நிபந்தனைகள் இவையே.

சட்டகமே போய்விட்டால் என்ன ஆகும்? ஏரியைத் தூர்த்து அதன்மேல் வீடு கட்டிய இடங்களில் எந்தத் திட்டமும் ஏரியை எளிதில் மீட்க இயலாது. ஆயினும் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழை பெய்தபோது, இந்நகரத்தின் ஏரிகள் கரைபுரண்டு, தாழ்ந்த குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம்.

நம்மால் ஆவது யாது? 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நாம் அறிவோம். அந்தப் பழக்கத்தை நாம் வாழும் ஊருக்கும் கொண்டுவரலாம். கூரை மழைநீரைத் தூய்மையாக நிலத்துக்குள் இறக்கினால், அது கிணற்றின் ஊற்றை வளர்ப்பதோடு, நாளடைவில் நீரின் கடினத்தையும் ஓரளவு தணிக்கக் கூடும். பிள்ளையார் சதுர்த்திக்குச் சுண்ணச் சாந்துச் சிலையை விடுத்து, நம் பாட்டனார் வாங்கிய களிமண் பிள்ளையாரையே வாங்கலாம். மீட்பதைவிடக் கெடாமற் காப்பது மலிவு.

பிறந்த ஊரை விட்டு வந்த நாம் அந்த ஊரை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காவிரி மூசி ஆகாது. ஆனால் கல்லீரல் காட்டும் வழி நமக்கும் உண்டு: உருவம் திரும்பாவிட்டாலும் தொழில் திரும்பும். ஊர்க் குளத்தைத் தூர்வாருவதில் தம் பங்கைச் செய்த முன்னோரின் கடமை, இன்று நம் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரிக்கரையில் நமக்காகக் காத்திருக்கிறது.