சுண்ணாம்பும் வேதியியலும்



வேதியியல் என்றதும் நம் பிள்ளைகள் அஞ்சுவதைக் காண்கின்றோம். அஞ்ச வேண்டுவதில்லை. தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி நின்ற கால்கள் நம் முன்னோருடையவை. தோலின் மயிர் கழலுவதன் காரணத்தை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளியில் இடமும் தரவில்லை. இன்று நாம் சொல்வோம்.

ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் மாறாத விகிதத்தில் பிணைந்தது சேர்மம். கிளிஞ்சலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்னும் சேர்மம். கால்சியம், கரி, பிராணவாயு ஆகிய மூன்றும் கூடியது. அதில் 100 கிலோ சூளையில் முற்றும் வெந்தால் 44 கிலோ கரியமில வாயுவாய்ப் பறந்துவிடும். எஞ்சும் 56 கிலோவே சுட்ட சுண்ணாம்பு: கால்சியம் 40, பிராணவாயு 16. எவர் சுட்டாலும், எவ்வூர்ச் சூளையாயினும் இக்கணக்குப் பிறழாது.

அதனோடு 18 கிலோ நீர் சேர, கொதித்துப் பொரிந்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். மயிரைக் கழற்றுவது இதன் காரத்தன்மை. உழைத்தவர் விரலிடுக்கை அரித்துப் புண்ணாக்கியதும் அதுவே.

இத்தனைக்கும் கால்சியம் ஓர் உலோகம்! 1808-இல் ஹம்ப்ரி டேவி அதனைப் பிரித்துக் காட்டினார். வெள்ளிபோல் மின்னும், நீரிலிட்டால் குமிழியிடும். சேர்மத்துள் புகுந்தபின் அக்குணம் எதுவும் தெரிவதில்லை.

சுவரில் பூசிய சுண்ணாம்போ, காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாய் இறுகுகின்றது. நம் பள்ளியின் வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூளையில் பிரிந்த பங்கு அங்கே திரும்பியிருக்கின்றது.