பழைய மெருகு இயந்திரம் வாங்குமுன்

தில்லியிலோ மும்பையிலோ மரப்பட்டறை நடத்தும் நம்மவர், புதிய இயந்திரத்தின் விலைக்கு அஞ்சிப் பழையதை நாடுவது இயல்பே. உப்புத்தாள் பட்டையை ஓடவிட்டுப் பலகையை மெருகேற்றும் இயந்திரத்தை அவ்வாறு வாங்கும்போது நாம் எவற்றை நோக்க வேண்டும்?

1897-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வாட்கின் நிறுவனத்தின் பழைய இயந்திரங்கள் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. அக்கனமே அதிர்வை அடக்குகிறது. ஆதலின் முதற்கண் உடலில் விரிசல் உண்டா எனப் பார்ப்போம். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பேரிங்கின் ஓசையைக் கேட்போம். தேய்ந்த பேரிங்கை மாற்றலாம். பிளந்த வார்ப்பிரும்பைச் சீராக்குவது அரிது.

இவை பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் இயங்குவன. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால், மின்பணியாளரைக் கொண்டு இரு முனைக் கம்பிகளை இடம் மாற்றினால் போதும். பட்டையின் உட்புறத்தில் அம்புக்குறி இருப்பின், ஓட்டம் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் ஒட்டு பிரியக்கூடும். 80ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180 எனப் படிப்படியாக ஏறுவதே முறை.

பழைய இயந்திரங்கள் பலவற்றில் இல்லாதது தூசி உறிஞ்சும் அமைப்பு. மரத்தூள் மூக்கில் புற்றுநோய் விளைவிக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வெளியிட்ட நூலில் தெளிவுறுத்தியது. அதே இயந்திரத்தில் இரும்பைத் தேய்த்தால், தெறிக்கும் பொறி மரத்தூளில் தீ மூட்டவும் கூடும்.

எனவே தூசி உறிஞ்சியின் விலையையும் சேர்த்தே இயந்திரத்தின் விலையை மதிப்பிடுவோம். நம்மை நம்பி ஊரிலிருந்து வந்து தொழில் பழகும் இளைஞனின் மூச்சைக் கொடுத்துப் பெறும் வழவழப்பு நமக்கு வேண்டுவதன்று.