மணியை நிறுத்துவது எளிது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க பார்க்கிற வேலையைப் பற்றிப் பேசுங்க, ஆனா சிவில் படிச்சவங்களுக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

என் வேலை சர்வர்களைக் கவனிப்பது. சொந்த ஊரில் இதைச் சொன்னபோது, "இன்ஜினீயரிங் முடிச்சிட்டு ஓட்டல்ல என்னப்பா வேலை?" என்று ஒரு பெரியவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். நான் சொல்கிற சர்வரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. கேட்டதைக் கொண்டுவந்து தருகிறது. ரயில் டிக்கெட்டோ, வங்கிக் கணக்கோ, தேர்வு முடிவோ, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் உங்களுக்குப் பதில் சொல்கிறது. அது தடுமாறினால் முதலில் தெரிய வேண்டியது எங்களுக்கு. உங்களுக்குத் தெரிவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

இந்த வேலையில் நாங்கள் பெரிதும் நம்புவது கருப்புத் திரையில் எழுத்தாகத் தட்டுகிற கட்டளைகளை. "இந்தக் காலத்திலுமா?" என்று மாணவர்கள் கேட்கலாம். சர்வர் மூச்சுத் திணறும்போது வண்ண வண்ணப் படங்கள் நிறைந்த பக்கங்கள்தான் முதலில் திறக்க மறுக்கும். எழுத்து மட்டும் போய்வர மிகக் குறைந்த இணைப்பு போதும். தட்டிய கட்டளையை அப்படியே எழுதி அடுத்தவருக்கு அனுப்பலாம். "மேலே வலது பக்கம் ஒரு பச்சை பட்டன் இருக்கும் பாருங்க" என்று போனில் விளக்க வேண்டியதில்லை.

ராத்திரி இரண்டரை மணிக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் 'அப்டைம்' என்று தட்டுவோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவதற்கு முன்னால் நர்ஸ் நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. கடைசி 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் இவற்றின் சராசரிப் பளு மூன்று எண்களாக வரும். முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் பளு ஏறிக்கொண்டிருக்கிறது. சிறிதாக இருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் ஒரு நுட்பம் உண்டு. வட்டு பதில் தருவதற்காகக் காத்து நிற்கும் வேலைகளும் இந்தப் பளுக் கணக்கில் சேரும். அதனால் பளு மிக அதிகமாக இருக்கும், பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். எண்ணை மட்டும் பார்த்து "பிராசஸர் போதவில்லை, பெரிய மெஷின் வாங்குங்க" என்று எழுதிக் கொடுத்தால் நிர்வாகத்தின் பணம்தான் வீண்.

அடுத்து 'டாப்'. எந்த வேலை எவ்வளவு தின்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். வில்லியம் லெஃபெவ்ர் என்பவர் 1984-ல் எழுதியது. அந்த வழியில் வந்த கருவிகள்தான் இன்றும் எங்களுக்குத் தினசரிச் சாப்பாடு.

பிறகு 'டிஎஃப்'. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும். 'டியூ' என்பது எந்த அடைவு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கூட்டிக் காட்டும். சில சமயம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. டிஎஃப் "நிரம்பிவிட்டது" என்னும். டியூ கூட்டினால் பாதிகூட வராது. பேய் எதுவும் இல்லை. ஒரு பெரிய பதிவுக் கோப்பை யாரோ அழித்திருப்பார்கள். ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயர் போய்விட்டது, இடம் விடுபடவில்லை. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். வேறொரு சமயம் இடம் தாராளமாக இருக்கும், ஆனால் புதிய கோப்பு எழுத முடியாது. லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் சேர்ந்து, கோப்புகளைப் பதிவு செய்யும் 'ஐநோடு' அட்டவணை தீர்ந்துபோயிருக்கும். சத்திரத்தில் இடம் இருக்கிறது, ஆனால் வருகைப் பதிவேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது என்கிற கதைதான்.

சரி, நூறு சர்வர் இருந்தால் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்குத்தான் கண்காணிப்பு மென்பொருள். ஈதன் கால்ஸ்டாட் என்பவர் 1999-ல் 'நெட்செயின்ட்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார். வணிக முத்திரைச் சிக்கலால் 2002-ல் அதன் பெயர் 'நாகியாஸ்' ஆனது. 2009-ல் அதிலிருந்து 'இசிங்கா' பிரிந்தது. இன்று வேறு பல கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் நாகியாஸ் வகுத்த எளிய ஒழுங்கு இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. சோதிக்கிற சின்ன புரோகிராம் ஒவ்வொன்றும் முடிவில் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நலம். 1 என்றால் எச்சரிக்கை. 2 என்றால் ஆபத்து. 3 என்றால் தெரியவில்லை.

அந்த 3 எனக்கு ரொம்பப் பிடித்த எண். "நன்றாக இருக்கிறது" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் ஒன்றல்ல என்று ஒரு கருவி தெரிந்து வைத்திருக்கிறது. மனிதர்களாகிய நாம் பல நேரம் அதை மறந்துவிடுகிறோம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எச்சரிக்கை வந்ததும் பணியில் இருப்பவர் செய்ய வேண்டியதற்கு 'அக்னாலெட்ஜ்' என்று பெயர். தமிழில் ஒப்புகை. எலக்ட்ரிகல் படித்து மின்வாரியத்துக்குப் போன சீனியர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. துணை மின்நிலையத்தில் அனன்சியேட்டர் பேனல் இருக்கும். கோளாறு வந்தால் விளக்கு மின்னி மின்னி எரியும், ஹூட்டர் அலறும். 'அக்செப்ட்' பொத்தானை அழுத்தினால் ஹூட்டர் நிற்கும். விளக்கு அணையாது, மின்னுவதை நிறுத்திவிட்டு நின்று எரியும். கோளாறு நீங்கிய பிறகு 'ரீசெட்' செய்தால்தான் அணையும். சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான், விவகாரம் முடிந்தது என்று சொல்ல இன்னொரு பொத்தான். அதை வடிவமைத்தவர்கள் மனித சுபாவம் அறிந்தவர்கள்.

நாகியாஸில் இதையே ஒரே வரிக் கட்டளையாகத் தரலாம். எந்த சர்வர், எந்தச் சேவை, ஒப்புகை ஒட்டியிருக்க வேண்டுமா, மற்றவர்களுக்குச் செய்தி போக வேண்டுமா, ஒப்புக்கொண்டவர் பெயர், அவர் எழுதும் குறிப்பு. இத்தனைக்கும் அந்த வரியில் தனித்தனி இடம் உண்டு. இதைத் தந்ததும் அந்தக் கோளாறுக்கான மணி எல்லோருக்கும் நின்றுவிடும். சோதனை மட்டும் தொடர்ந்து நடக்கும். 'எல்லோருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் ஒருவன் ஒப்புக்கொண்டால் இன்னும் பத்துப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். என்னை நம்பித் தூங்குவார்கள்.

ஒட்டியிருக்கும் ஒப்புகை, ஒட்டாத ஒப்புகை என்று இரண்டு வகை உண்டு. ஒட்டாத ஒப்புகை, எச்சரிக்கை ஆபத்தாக மாறினால் விலகிவிடும். மணி மறுபடி அடிக்கும். ஒட்டிய ஒப்புகை, எல்லாம் நலமாகும் வரை விலகாது. வட்டு 80 சதவீதம் நிரம்பியபோது ஒட்டி வைத்தால், 100 சதவீதம் ஆனாலும் யாருக்கும் மணி அடிக்காது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரு நிறுவனத்தில் நான் அருகிலிருந்து பார்த்தது இது. வெள்ளிக்கிழமை மாலை வட்டு எச்சரிக்கை வந்தது. பணியில் இருந்த பையன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவனுக்கு முன்பிருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஒப்புகை கொடுத்தான்; ஒட்டிய ஒப்புகை. குறிப்பில் "ஓகே" என்று இரண்டே எழுத்து. ஷிஃப்ட் முடிந்து போய்விட்டான். சனிக்கிழமை மூன்று பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒப்புகைக் குறி இருந்தது. "யாரோ பார்த்துக்கிட்டிருக்காங்க" என்று மூடிவிட்டார்கள். ஞாயிறு மதியம் வட்டு முழுதும் நிரம்பி, தரவுத்தளம் நின்றது. வாடிக்கையாளர்கள் போனில் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாப் பழியும் அந்தப் பையன் தலையில் விழுந்தது. "ஓகே" என்று எழுதும் பழக்கத்தை ஏற்படுத்தியது யார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

ஓட்டலில் "இதோ வருது சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் சர்வரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் நாம் இன்னொருவரைக் கூப்பிட்டிருப்போம். சொன்னதால்தான் காத்திருக்கிறோம். பொறுப்பில்லாத ஒப்புகை, ஒப்புகையே இல்லாததைவிட மோசம். அது மற்றவர்களின் காதையும் அடைத்துவிடுகிறது.

பெரிய அளவில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. பிற்பகல் 2.14 மணி வாக்கில் அங்கே எச்சரிக்கை தரும் மென்பொருள் செயலிழந்தது. அது செயலிழந்ததை அறிவிக்க எந்த மணியும் அடிக்கவில்லை. திரை அமைதியாக இருந்தது. ஆபரேட்டர்கள் எல்லாம் நலம் என்று நினைத்தார்கள். 2.41-க்கு முதன்மை சர்வர் விழுந்தது. 13 நிமிடம் கழித்து மாற்று சர்வரும் விழுந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தானாகச் செய்தி போனது. அவர்களும் வேலை செய்தார்கள், 3.08-க்குள் சர்வரை மறுபடி இயக்கினார்கள். ஆனால், "உங்களுக்கு இப்ப அலாரம் சரியா வருதா?" என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களை அவர்கள் கேட்கவில்லை. அலாரம் வரவில்லை. 3.05-லிருந்து 3.41-க்குள் மூன்று 345 கிலோவோல்ட் மின்பாதைகள் மரக்கிளைகளில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. அக்கம்பக்கத்து நிறுவனங்கள் போன் செய்து கேட்டபோதும், திரையில் ஒன்றும் இல்லாததால் இவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. 4.10 மணிக்குப் பிறகு சில நிமிடங்களில் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் பல பகுதிகள் இருளில் மூழ்கின. ஏறத்தாழ 5 கோடி மக்கள். இரு நாடுகளின் கூட்டு விசாரணைக் குழு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் நிமிடவாரியாக இருக்கிறது. மாணவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.

மரம் வெட்டாமல் விட்டது, மென்பொருள் பிழை என்று காரணங்கள் பல. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். ஒரு பிரிவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. அடுத்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனது. எச்சரிக்கையைப் பெற்றவர் வேலையை முடித்தால் மட்டும் போதாது. அந்த எச்சரிக்கையை நம்பியிருப்பவருக்குச் சொல்லவும் வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இந்த வேலைக்குத்தான் வரப்போகிறீர்கள். கட்டளைகளை நீங்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். இந்த மூன்று பழக்கங்கள் வரத்தான் நாளாகும்.

முதலாவது, பார்த்த பிறகே ஒப்புகை கொடுங்கள். பழுது நீங்காவிட்டாலும் என்ன பழுது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் "இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, குறிப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள். "பதிவுக் கோப்பு வளர்ந்து வட்டு 91 சதவீதம். பழையவற்றைச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். 4 மணிக்கு மறுபடி பார்ப்பேன்." அரை நிமிட வேலை. ஆனால் காலையில் வருகிறவர் உங்களை எழுப்பாமலே வேலையைத் தொடரலாம்.

மூன்றாவது, ஷிஃப்ட் முடியும்போது உங்கள் பெயரில் நிற்கும் ஒப்புகைகளை ஆள் பார்த்து ஒப்படையுங்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் ஒப்புகையை நீக்கிவிட்டுப் போங்கள். மணி அடிக்கட்டும். இசிங்காவில் ஒப்புகைக்குக் காலக்கெடு வைக்கவும் வசதி உண்டு. கெடு தீர்ந்தால் தானே விலகிவிடும்.

நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ராத்திரியில் இருநூறு மணி அடித்தால் எந்த மனிதனும் படிக்காமலேதான் நிறுத்துவான். 'புலி வருது' கதை நமக்குத் தெரியாததல்ல. தேவையில்லாத எச்சரிக்கைகளைக் களைவது உங்கள் கடமை. களைந்த பிறகு பையனைக் கேள்வி கேளுங்கள். அவன் "தெரியவில்லை" என்று எழுதினால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை "ஓகே" என்று எழுதுவான்.

மணியை நிறுத்த ஒரு வரி போதும். அந்த வரியில் நம் பெயரும் இருக்கிறது என்ற நினைவு வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.