சந்தைவெளியில் நிற்கும் நம் பிள்ளைகள்

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

 

யூபிலியை முன்னிட்டுக் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மணிக்கூண்டைச் செப்பனிட்டோம், முன்னோர்களுக்காக நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். எல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது இழந்த நிலம் உரியவனுக்குத் திரும்பும் ஆண்டு, அடிமைப்பட்டவன் தன் வீடு வந்து சேரும் ஆண்டு. அப்படியானால், ஞாயிறு பூசை நேரத்தில் கோவில் மதிலோரம் கைகட்டி நிற்கும் நம் வாலிபர்களைப் பற்றிப் பேசாத யூபிலி, அரை யூபிலிதான்.

மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமை உங்களுக்குத் தெரியும். தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போனார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் போனார். பொழுது சாயும் ஐந்து மணிக்கும் போனார். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். சோம்பேறிகள் என்று அவர் முடிவு கட்டிவிடவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்ததைப் பற்றியே நாங்கள் குருக்கள் பிரசங்கம் செய்கிறோம். அவரிடம் மேற்பார்வையாளர் இருந்தும், தாமே ஐந்து முறை நடந்து போனார் என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

நம் சந்தைவெளி எங்கே இருக்கிறது? ஏரிக்கரையிலும் பேருந்து நிலையத்திலும் இருக்கிறது. சீசன் காலத்தில் வெளியூர்க் கார்களின் பின்னால் ஓடி, அறை வேண்டுமா என்று கேட்டு நிற்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகளே. சித்திரை, வைகாசி கழிந்து மழையும் மூடுபனியும் வந்தால் அந்த வருமானமும் போய்விடும். பிறகு மலையை விட்டு இறங்குகிறார்கள். பையன்கள் திருப்பூருக்கும் கோவைக்கும், பெண்பிள்ளைகள் திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கும் போகிறார்கள். இறங்குவது பாவமல்ல. என்ன வேலை, யாரிடம், எந்த நிபந்தனைக்கு என்று கேளாமல் இறங்குவதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

இதில் நானும் குற்றவாளி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தான். பூசைக்கு நேரமாகிவிட்டது. என்ன வேலை என்றுகூடக் கேளாமல், நல்ல குடும்பத்துப் பையன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் திரும்பி வந்தான். இயந்திரத்தில் போய்விட்டது. அந்தப் பட்டறையில் அவன் வேலை பார்த்தான் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடிதம் எழுதிய என் கையில் ஐந்து விரலும் இருக்கின்றன.

ஏதோ ஒரு வேலை கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு நம் மலையே ஒரு பாடம் கற்றுத் தந்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டில் கொடைக்கானலுக்கு ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஆலை அது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடமும் பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திடமும் இருந்தது. மலையிலேயே மாதச் சம்பளம் என்றால் யார்தான் மகிழமாட்டார்கள்? ஆனால் கண்ணாடிக் குழாயில் அவர்கள் நிரப்பியது பாதரசம். அதன் ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. 2001 மார்ச் மாதத்தில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் இங்குள்ள பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடப்பதை மக்கள் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு ஏறத்தாழ 290 டன் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தங்கள் உடல்நலம் கெட்டதென்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு கழித்து, 2016 மார்ச்சில்தான், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக உடன்படிக்கை ஏற்பட்டது.

இந்தக் கதையில் இரண்டு பாடம் உண்டு. கேட்காமல் ஏற்ற வேலை நம்மையே உண்டுவிடலாம் என்பது ஒன்று. சேர்ந்து நின்று கேட்டால் பெரிய நிறுவனமும் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது மற்றொன்று.

ஆகையால், இளைஞர்களே, எந்த வேலைக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலை எனக்கு ஏதாவது கற்றுத்தருமா? என் உடம்பை என்ன செய்யும்? எழுத்திலே என்ன தருவீர்கள்?

எழுத்தைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாதா என்பீர்கள். புனித தொன் போஸ்கோ கேட்டாரே! 1850-களில் தூரின் நகரில் பட்டறைகளில் சேர்ந்த ஏழைச் சிறுவர்களுக்காக அவர் முதலாளிகளோடு ஒப்பந்தம் எழுதினார். தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும், திருத்துவதென்றால் வாயால் திருத்த வேண்டும், அடிக்கக்கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு தரவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். அது ஒரு குருவானவர் செய்த ஞானப்பணி. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் பதிவு செய்த ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் கட்டாயமாக்குகிறது. அபாயமான தொழில்களில் 18 வயது நிரம்பாதவரைப் பழகுநராகச் சேர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது.

மலையை விட்டுப் போனால்தான் பிழைப்பு என்பதும் முழு உண்மை அல்ல. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளைந்த பூண்டு மூட்டையாக வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி, அங்கேதான் விலை பேசப்படுகிறது. தரம் பிரித்து, சிப்பம் கட்டி, பெயர் ஒட்டி விற்கும் வேலையை நம் பட்டதாரிப் பிள்ளைகள் நாலு பேர் கூடிச் செய்ய முடியாதா? விருப்பாச்சி மலைவாழை 2008-லேயே குறியீடு பெற்றது. முடிக்கொத்து நோயால் அழிந்துபோன தோட்டங்களுக்கு நோயற்ற கன்று வேண்டும். கன்று வளர்ப்பதும் ஒரு தொழிலே. தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மன்னவனூரில் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாசலிலே கிணறு இருக்கத் தண்ணீருக்கு அலைகிறோம்.

பெண்பிள்ளைகளின் பெற்றோரே, 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இந்தக் கொடைக்கானலிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2022-இல் தமிழக அரசு தொடங்கியது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. உங்கள் பிள்ளைக்கு என்ன சலுகை உண்டென்று பள்ளியிலே கேளுங்கள். கேட்காத வீட்டுக்குத் திட்டம் தானாக நடந்து வராது.

இனி, பங்கேற்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமசபை சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாள் கூடியிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் எழுந்து பேசலாம். 21 வயதானவர் ஊராட்சித் தேர்தலிலே நிற்கலாம். ஆனால் நாட்டுக்கு வாக்களிக்கும் பிள்ளையை நாம் கோவிலில் எதற்கு அழைக்கிறோம்? பந்தல் போட அழைக்கிறோம்; சப்பரம் தூக்க அழைக்கிறோம். கணக்குப் பார்க்க, யோசனை சொல்ல அழைத்தோமா? தோள் மட்டும் வேண்டும், வாய் வேண்டாம் என்றால் அவன் மதிலோரம்தான் நிற்பான்.

ஆகவே பங்குப் பேரவையின் சம்மதத்தோடு மூன்று காரியங்களை அறிவிக்கிறேன். ஒன்று, இனிப் பங்குப் பேரவையில் இளைஞர் இருவரும் இளம்பெண்கள் இருவரும் முழு உரிமையோடு அமர்வார்கள். இரண்டு, ஒவ்வோர் அன்பியத்திலும் தொழில் தெரிந்த ஒரு பெரியவர் ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்பார். விண்ணப்பம் எழுதுவது முதல் வேலையில் சேரும்வரை கூடவே நடப்பார். மூன்று, வேலைக்கு வெளியூர் போகும் ஒவ்வொரு பிள்ளையின் வேலையிடம், முதலாளி, நிபந்தனை மூன்றையும் கேட்டுப் பங்கு அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் எழுதுவோம். அதில் எழுதாமல் இனி என் கடிதம் யாருக்கும் கிடையாது. இதைக் கண்டிப்பாக எண்ணாதீர்கள்; நான் செய்யும் பரிகாரமாக எண்ணுங்கள்.

நம் மலையில் 1860-களில் எழும்பிய சலேத் அன்னை ஆலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சு தேசத்து மலையொன்றில் அந்த அன்னை யாருக்குக் காட்சி தந்தாள்? கூலிக்கு மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு. மெலானிக்கு வயது 14, மாக்சிமினுக்கு 11. அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் கெட்டுப்போன கோதுமையைப் பற்றியும் அவர்களிடம் பேசினாள். அப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். பிழைப்புக்காக மலையில் நின்ற பிள்ளைகளைத் தேடி விண்ணரசியே வந்தாள் என்றால், பேருந்து நிலையம்வரை நடந்து போக நமக்கு என்ன தடை?

பொழுது இன்னும் முழுவதும் சாய்ந்துவிடவில்லை. வாருங்கள், நாமே போய் அழைப்போம். மரியே வாழ்க!